நாலறிவு உயிருக்கு ஒரு நாமகரணம்

புதிய தட்டான் இனமொன்றைக் கண்டறிந்து அதற்குப் பெயர் சூட்டுகின்ற விஞ்ஞானி, தாம் செய்வது பூச்சி சாஸ்திரம் என்றே எண்ணியிருப்பார். ஆயினும் நீர்க்கரையிலே வலையை வீசிய கணம் முதல், அச்சிட்ட ஏட்டில் இலத்தீன் பெயர் வெளிவரும் நாள் வரையில், அவருடைய ஒவ்வொரு செயலும் நம் நாட்டுத் தார்க்கிகரும் பௌத்தரும் சமணரும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதித்து வந்த இரண்டு கேள்விகளைத் தொட்டே நிகழ்கிறது. இனம் என்று நாம் சொல்லுவது உலகத்தில் உண்மையாகவே உள்ள பொருளா, அன்றி நம் புத்தி தன் வசதிக்காகக் கட்டிக்கொண்ட கற்பனையா என்பது ஒன்று. அந்த இனத்தை அறிவதற்காக அதில் ஓர் உயிரைப் போக்குவது தர்மமாகுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தனித்தனிக் கேள்விகளல்ல. முன்னதற்கு நாம் சொல்லும் விடையே பின்னதன் பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பது என் துணிபு.

இந்த விசாரணையைச் செந்துறையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். வெள்ளாற்றுக்குத் தெற்கே, சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதையின்மேல் அமைந்த இவ்வூரைச் சுற்றிலும் முந்திரிக் காடுகளும் மானாவாரிக் கொல்லைகளும் மழையை நம்பிய ஏரிகளும் பரந்து கிடக்கின்றன. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் அக்கொல்லைகளின்மேல் கூட்டங் கூட்டமாகச் சுழன்று பறக்கும் பழுப்பு மஞ்சள் தட்டானையும், ஏரிக்கரைக் கோரையில் தாழ்ந்து பறந்து அமரும் மஞ்சள் வால் ஊசித்தட்டானையும் அறியாத சிறுவர் அங்கே இல்லை. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே அவர்கள் வளர்கின்றனர். இவ்விரண்டு உயிர்களும் விஞ்ஞான உலகத்தில் பெயர் பெற்றது ஒரே ஆண்டில், 1798இல். முன்னது பான்டாலா ஃபிளாவெசென்ஸ். பின்னது நம் சோழமண்டலக் கரையின் பெயரையே தாங்கி நிற்கும் செரியாக்ரியான் கொரமண்டெலியானம். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ஒருவரே: லின்னேயஸின் மாணாக்கராகப் பயின்று, கீல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கிய யோகான் கிறிஸ்தியான் ஃபாப்ரீசியஸ்.

ஃபாப்ரீசியஸ் இந்தியாவைக் கண்டவரல்லர். டேனியர்களின் கோட்டையும் லூத்தரன் மிஷனும் தரங்கம்பாடியில் இருந்த அக்காலத்தில், 1768இல் அங்கு வந்து சேர்ந்த வைத்தியர் யோகான் கெர்ஹார்டு கோனிக் முதலாகப் பலர் நம் கரையோரத்துச் செடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பி வந்தனர். கப்பலேறிச் சென்ற அந்த உலர்ந்த உடல்களைத்தாம் ஃபாப்ரீசியஸ் வாயுறுப்புகளின் அமைப்பைக் கொண்டு வகைப்படுத்தினார். தட்டான்கள் அனைத்தையும் அடக்கிய ஓடனாட்டா என்னும் வரிசையை 1793இல் வகுத்தவரும் அவரே. ஒவ்வோர் இனத்துக்கும் அவர் எழுதிய வருணனை சில இலத்தீன் வரிகளுக்கு மேற்படுவதில்லை. பறக்கக் கண்டிராத ஓர் உயிரை, அதன் நிறம் மங்கிய சடலத்தைப் பார்த்து, சில வரிகளில் வரையறுத்துவிட முடியும் என்ற அவருடைய நம்பிக்கையை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. அவர் வைத்த பெயர்கள் 200 ஆண்டுகளுக்கு மேலாக நின்றுவிட்டன. அப்படி நின்றதற்கு அடியில் ஏதோ ஓர் உண்மை இருந்தாக வேண்டும். அந்த உண்மை யாது என்பதே நம் முதற்கேள்வி.

இன்றைய விஞ்ஞானி ஃபாப்ரீசியஸைக் காட்டிலும் பன்மடங்கு எச்சரிக்கை உடையவர். பிடித்த தட்டானை அசிட்டோன் திரவத்தில் ஊறவைத்து, நிறம் இயன்றவரை நிலைக்கும்படி உலர்த்திக் காகித உறையில் இடுகிறார். இறகின் நரம்புகள் எங்கே கிளைக்கின்றன, முன் விளிம்பில் குறுக்கு நரம்புகள் எத்தனை, இறகு நுனியருகே உள்ள நிறப்பொட்டு எத்தனை சிற்றறைகளைத் தழுவி நிற்கிறது என்றெல்லாம் உருப்பெருக்கியின் கீழே எண்ணுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆணின் வால் நுனியில் உள்ள பற்றுக்கொடுக்குகளின் வடிவத்தையும், வயிற்றின் இரண்டாம் கண்டத்தில் அமைந்த துணைப் புணர்ச்சி உறுப்பையும் நுணுகி வரைகிறார். ஏனெனில் பெண்ணின் கழுத்தோடு அக்கொடுக்குகள் இசைந்து பொருந்தினாலன்றிப் புணர்ச்சி கைகூடுவதில்லை, ஆதலால் இனத்துக்கு இனம் வேறுபாடு அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. இவ்வளவும் செய்தபின், தாம் கண்டவற்றுள் ஒரே ஒரு தட்டானைத் தேர்ந்தெடுத்து, பெயர் தாங்கும் மூலமாதிரி என்று அறிவித்து, கொல்கத்தாவில் 1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் போன்றதொரு பொது நிலையத்தில் ஒப்படைக்கிறார். 1999க்குப் பின் எழுதப்படும் எந்தப் புதிய விலங்கினப் பெயருக்கும் இத்தகைய மூலமாதிரியைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்பது சர்வதேச விலங்குப் பெயரீட்டு விதி.

இனி நம் முதற்கேள்விக்கு வருவோம். நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திலே, ஒரு சொல்லின் பொருள் எது என்ற விசாரணை வருகிறது. பசு என்னும் சொல் தனிப்பட்ட ஒரு பசுவைக் குறிக்கிறதா, பசுவின் வடிவத்தைக் குறிக்கிறதா, எல்லாப் பசுக்களிலும் பொதுவாக நிற்கும் பசுத்தன்மையைக் குறிக்கிறதா என்று ஒவ்வொரு பட்சத்தையும் எடுத்து மறுத்துவிட்டு, வியக்தி, ஆகிருதி, ஜாதி ஆகிய மூன்றும் சேர்ந்ததே சொற்பொருள் என்று சூத்திரகாரர் முடிக்கிறார். தட்டானைப் பற்றிய ஒரு விஞ்ஞானக் கட்டுரையைக் கையிலெடுத்துப் படிப்பவர் அதே மூன்றையும் அதில் காணலாம். காகித உறையிலிருக்கும் மூலமாதிரி வியக்தி. கொடுக்கையும் இறகையும் வரைந்து காட்டும் சித்திரமும் வருணனையும் ஆகிருதி. இலத்தீன் பெயர் குறிக்கும் இனமே ஜாதி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெயர் செல்லாது என்பது சூத்திரகாரரான அக்கபாதருக்கும் உடன்பாடு, இன்றைய விதிக்கும் உடன்பாடு.

ஆனால் கட்டுரையின் இன்னொரு பகுதி நையாயிகருக்கு உரியதன்று; அது பௌத்தருக்கு உரியது. இந்தப் புதிய தட்டான் இன்ன இனத்தினின்றும் இந்த அடையாளத்தால் வேறுபடுகிறது, இன்னொன்றினின்றும் மற்றோர் அடையாளத்தால் வேறுபடுகிறது என்று, நெருங்கிய உறவுடைய இனங்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றையும் விலக்கிக் காட்டாமல் எந்தப் புதிய இனமும் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு கூறும் திக்நாகர், சொல்லானது எந்தப் பொதுத்தன்மையையும் நேராகத் தொடுவதில்லை, மற்றவற்றை விலக்குவதொன்றே அதன் தொழில் என்றார். இதற்கு அபோகம் என்று பெயர். பசுத்தன்மை என்று ஒரு நித்திய வஸ்து எங்கும் இல்லை, பசுவல்லாதனவற்றின் விலக்கே உள்ளது. பௌத்த தர்க்கம் தமிழுக்கு அயலானதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அதைப் போதிக்கிறார், 27ஆம் காதையில் வைசேடிகவாதி தன் சாமானியத்தையும் விசேடத்தையும் எடுத்துரைக்கிறான். அவ்விருவரும் இன்று ஒரே பூச்சி சாஸ்திரியின் மேசையில் அமர்ந்திருக்கின்றனர் என்றே சொல்லவேண்டும்.

எவர் பக்கம் நியாயம்? நித்தியமாய், மாறாததாய், எல்லா உறுப்பினரிடத்தும் ஒரே படித்தாய் நிற்கும் ஜாதி ஒன்று உண்டு என்று கொண்டால் தட்டான் நம்மை உடனே குழப்பிவிடுகிறது. செந்துறை ஏரிகளிலும் காணக்கூடிய செந்தட்டானின் ஆண் இளமையில் மஞ்சளாய் இருந்து முதிர்ந்தபின் சிவக்கிறது. பெண்ணோ மஞ்சளாகவே இருக்கிறது. நியூரோதெமிஸ் டுல்லியா என்னும் இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இறகின் கோலமே வேறு. இத்தகைய வேற்றுமைகளால் மயங்கி, ஒரே உயிருக்கு இரண்டும் மூன்றும் பெயர் வைத்த அறிஞர் பலர். பான்டாலாவுக்கே, அது உலகெங்கும் பரவியிருப்பதால், பிற்காலத்தார் வேறு வேறு நாடுகளில் புதுப் பெயர்கள் சூட்டினர். அவை யாவும் இப்பொழுது ஃபாப்ரீசியஸின் பெயருக்குள் அடங்கிவிட்டன. நிறமும் கோலமும் வெறும் குணங்கள், அவை வரும் போகும், ஜாதி அவற்றுக்கு அப்பால் நிற்கிறது என்று வைசேடிகர் விடை சொல்லலாம். அங்ஙனமாயின் எல்லாக் குணங்களும் கழிந்தபின் எஞ்சுவது எது என்ற பௌத்தரின் வினா எழும். அதே சமயத்தில், இனம் என்பது வெறும் விலக்கே, மனத்தின் வேலையே என்று சொல்லுவதும் பொருந்தாது. ஆண் தட்டானின் கொடுக்கு எவருடைய மனத்தையும் கேட்டுக்கொண்டு பெண்ணின் கழுத்தைப் பற்றுவதில்லை. பொருந்தும் இடத்தில் பொருந்துகிறது, பொருந்தாத இடத்தில் விலகுகிறது. விலக்கும் தொழிலை அங்கே செய்கின்றவை அவ்வுயிர்களே. விஞ்ஞானி செய்வதெல்லாம், அவை ஏற்கெனவே செய்துகொண்ட விலக்கைப் பார்த்து எழுதுவதுதான்.

இவ்விரு பட்சங்களுக்கும் நடுவே வழி காட்டுவதாக எனக்குத் தோன்றுவது, பௌத்தர்களே வேறோரிடத்தில் கையாண்ட சந்தானம் என்னும் கருத்து. கணந்தோறும் அழிந்து கணந்தோறும் பிறக்கும் நிகழ்ச்சிகள் ஒன்றுக்கொன்று காரணமாய்த் தொடரும் ஒழுக்கையே அவர்கள் ஓர் உயிரென்று கொண்டனர். தட்டான் இனத்தை நான் அப்படியே கொள்ளுகிறேன். தாய் தந்தையரிடமிருந்து மக்களுக்கும், மக்களிடமிருந்து பேரர்க்கும் இடையறாது இறங்கிவரும் பிறப்புத் தொடரே இனம். அது நித்தியமன்று, ஆயினும் கற்பனையுமன்று. தொல்காப்பியர் உயிர்களை வகைப்படுத்திய இயலுக்கு மரபியல் என்று பெயரிருப்பதை இந்த இடத்தில் நினைக்கிறேன். இந்தத் தொடரின் உண்மையைப் பான்டாலாவைப் போல வேறெந்தப் பூச்சியும் உணர்த்துவதில்லை. நம் கொல்லைகளின்மேல் பறக்கும் இத்தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவுகளைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவரை இந்துமாக்கடலின்மேல் செல்லுகின்றன என்று 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் எடுத்துக்காட்டினார். போய்த் திரும்பும் முழுச் சுற்றையும் எந்த ஒரு தட்டானும் முடிப்பதில்லை, தலைமுறைகள் பலவே அதை முடிக்கின்றன. வெவ்வேறு கண்டங்களில் பிடித்த பான்டாலாக்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, அவற்றினிடையே வேற்றுமை மிகச் சிறிதே என்று காட்டியது. பயணம் செய்கிறவன் எவன் என்று அங்கே கேட்டால், இனம் என்பதைத் தவிர வேறு விடையில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நிலை இதற்கு நேர்மாறானது. இந்திய மருத்துவப் படையில் பணியாற்றிய ஃபிரேசர் என்பவர் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று பெருந்தொகுதிகளே இந்தியத் தட்டான்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இன்றுவரை அஸ்திவாரம். அவர் தேடித் திரிந்த அம்மலைகளிலே, ஒரு கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும், ஓர் ஓடைக்கும் அடுத்த ஓடைக்கும் இடையில் கூடப் பிறப்புத் தொடர்கள் பிரிந்து நிற்பதால், புதிய இனங்கள் இன்னும் வெளிப்பட்டுக்கொண்டிருக்கின்றன. கேரளத்துப் பொன்முடியின் பெயரால் புரோட்டோஸ்டிக்டா பொன்முடியென்சிஸ் என்று 2015இல் பெயர் பெற்ற ஊசித்தட்டான் அவற்றுள் ஒன்று. இவ்வகை உயிர்கள் காட்டு நிழலில், நீரோட்டத்தின் அருகிலேயே தங்கி, வெகுதூரம் பறக்காமல் வாழ்கின்றன. சமவெளியின் தட்டானோ கடல் கடக்கிறது. ஒரே வரிசைக்குள் இத்தனை வேறுபாடு இருக்க, இனத்துக்கு எங்கும் ஒரே அளவுகோல் உண்டென்று நினைப்பவர் ஏமாற்றமடைவார்.

இனி மூலமாதிரியைப் பற்றிய ஒரு கதையைச் சொல்லவேண்டும். அது நம் அரியலூர் மாவட்டத்தின் கதை. செந்துறையைச் சூழ்ந்த சுண்ணாம்புப் பாறைகள் ஒரு காலத்துக் கடலின் அடித்தளம். 1860களில் தொடங்கி ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா இப்பகுதியின் தொல்லுயிர்களை வருணித்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அதே பகுதியைச் சேர்ந்த கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயரிட்டனர். முதலில் ஊன் தின்னும் இனமாக வகைப்படுத்தப்பட்ட அது, பிற்பாடு தழை தின்னும் நீண்ட கழுத்துக் குலத்துக்கு மாற்றப்பட்டது. எலும்புகளோ அருங்காட்சியகத்தை அடையுமுன்னரே உதிர்ந்துபோயின என்று பின்னாளில் தெரியவந்தது. புகைப்படங்களும் வருணனையும் எஞ்சின. 1798இல் பெயரிட்ட ஃபாப்ரீசியஸ் ஆராய்ந்த மெல்லிய பூச்சிகள் பல கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்க, பூமியில் நடந்த மிகப்பெரிய உடல்களுள் ஒன்றாகக் கருதப்படுவது மண்ணோடு மண்ணாயிற்று. நியாய சூத்திரத்தின் மூன்றில் வியக்தி போய்விட்டது. ஆகிருதியும் ஜாதியும் தொங்கி நிற்கின்றன. செந்துறைப் பக்கத்து ஓடையில் 2009இல் கண்டெடுத்து டைனோசர் முட்டைகள் என்று அறிவிக்கப்பட்ட உருண்டைக் கற்களைப் பற்றியும், அவை முட்டைகள்தாமா, கனிமத் திரட்சிகளா என்ற ஐயம் எழுந்தது. கைக்கெட்டிய பொருள் இருந்தால் ஐயத்தை மீண்டும் கிளப்பலாம், மீண்டும் தீர்க்கலாம். மூலமாதிரியின் பயன் இதுவே: பெயர் வைத்தவர் இறந்து நூறாண்டு கழிந்தபின்னும் அவரோடு வாதாட வருபவருக்கு அது சாட்சியாக இருக்கிறது.

இந்தச் சாட்சிக்காகத்தான் கொலை நிகழ்கிறது. தொல்காப்பியர் நண்டோடு தும்பியைச் சேர்த்து நாலறிவு உயிராக வகுத்தார். தும்பி என்பது பழைய நூல்களில் பெரும்பாலும் வண்டைக் குறித்ததாயினும், தொடுதல், சுவை, நாற்றம், காட்சி என்ற நான்கும் கொண்டு செவி இல்லாத உயிர் என்ற இலக்கணம் தட்டானுக்கும் வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. ஒவ்வொரு கண்ணிலும் 30,000 வரை சிற்றறைகள் கொண்ட அதற்குக் காது என்று சொல்லத்தக்க உறுப்பு காணப்படவில்லை. நெடுங்காலம் அதற்கு மோப்பமும் இல்லையென்று கருதியிருக்க, குறுகிய அதன் உணர்கொம்பு மணத்தை அறிகிறது என்று இத்தாலியப் பெரூஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மையில் நிறுவினர். புலன்களின் எண்ணிக்கையால் உயிரை அடுக்கும் இந்த முறையையே சமணரின் தத்துவார்த்த சூத்திரமும் மேற்கொண்டு, புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஏற்றிச் செல்லுகிறது. சமணர் அந்த அடுக்கை அமைத்தது அறிவுப் பசியால் மட்டுமன்று; எந்த உயிரைத் துன்புறுத்தினால் எவ்வளவு பாவம் என்று கணக்கிடவே அமைத்தனர். அவர்கள் சாஸ்திரத்தில் வகைப்பாடே அஹிம்சையின் ஆயுதம். நம் காலத்தில் வகைப்பாட்டுக்காக ஹிம்சை செய்யவேண்டியிருப்பது நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது, உறுத்தவும் வேண்டும்.

கொல்லாமலே பெயரிட்டவர் உண்டு. அருணாசலப் பிரதேசத்து ஈகிள்நெஸ்ட் காட்டில் ஒரு புதிய பறவையைக் கண்ட ரமணா ஆத்ரேயா, அதன் எண்ணிக்கை மிகக் குறைவாயிருக்கக்கூடும் என்று அஞ்சி, சில இறகுகளையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு பறவையை விட்டுவிட்டு, 2006இல் லியோசிக்லா புகுனோரம் என்று அதற்குப் பெயரிட்டார். தென்னாப்பிரிக்க ஈ ஒன்றுக்கு 2015இல் புகைப்படங்களைக் கொண்டே பெயர் வைத்தபொழுது விஞ்ஞானிகளிடையே கடும் விவாதம் மூண்டது. ஆத்ரேயா செய்ததை நான் வணங்குகிறேன். ஆனால் ஊசித்தட்டானின் கொடுக்கைப் புகைப்படத்தில் அளக்க முடியாத இடங்கள் பல உள. அங்கே படத்தை மட்டும் நம்பிப் பெயரிடுவது, பின்னால் வருபவருக்குச் சாட்சியில்லாத வழக்கை விட்டுச் செல்வதாகும். இனம் ஒரு பிறப்புத் தொடர் என்ற என் விடை இங்கேதான் உதவுகிறது. ஆயிரக்கணக்கில் பறக்கும் ஒரு தொடரிலிருந்து ஓர் உடலை எடுப்பது அத்தொடரை அறுப்பதன்று; அவ்வுயிருக்கு அது முழு நஷ்டமே, அதை மறைக்க எனக்கு உரிமையில்லை. தொடரை அறுப்பது வேறு செயல். ஓடையை மறித்தாலும், ஏரியைத் தூர்த்தாலும், பூச்சிக்கொல்லியை நீரில் கலந்தாலும் பெயரில்லாத தொடர்கள் கேட்பாரற்று அறுந்துபோகின்றன. இதே மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதற்கு அங்கு வரும் பறவைகளைப் பெயர் பெயராக எண்ணி வைத்திருந்தது பெருங்காரணம். பெயரில்லாததைக் காக்கும்படி எந்த அதிகாரியிடமும் மனுக் கொடுக்க முடியாது. ஆகையால், தேவைக்கு மிகாமல், அருகிய இனத்தில் கைவைக்காமல், எடுத்ததைப் பொது நிலையத்தில் ஒப்படைத்துச் செய்யப்படும் சேகரிப்பை நான் பாவமென்று தள்ளமாட்டேன். குற்றமே இல்லாததென்றும் கொள்ளமாட்டேன். இல்லறத்தான் உழும்போதும் சமைக்கும்போதும் நேரும் ஹிம்சைக்குச் சமணர் தந்த இடத்தை ஒத்த இடமே இதற்கும் உரியது.

செய்யவேண்டிய பணி இன்னும் ஒன்று உண்டு, அதில் கொலைக்கு இடமே இல்லை. நம் முன்னோர் எண்பத்து நான்கு நூறாயிரம் யோனி பேதங்களைக் கணக்கிட்டபோது நீர்வாழ்வனவற்றுக்குப் பத்து நூறாயிரமும் பறப்பனவற்றுக்குப் பத்து நூறாயிரமும் ஒதுக்கினர். தட்டானை எந்தக் கணக்கில் எழுதுவது? நம் கண்ணில் படும் இறகுடைய பருவம் அதன் ஆயுளில் ஒரு பகுதியே. அதற்கு முன் அது நீருக்கடியில், செவுள்களால் மூச்சுவிட்டு, மடங்கிய கீழுதட்டை நீட்டிக் கொசுப்புழுக்களைப் பற்றித் தின்று, பலமுறை தோலுரித்து வளர்கிறது. பான்டாலா இதை இரண்டு மாதங்களுக்குள் முடித்துவிடும். மலையோடைத் தட்டான்களில் சில ஆண்டுக்கணக்கில் நீரிலேயே கிடக்கும். இந்தியத் தட்டான் இனங்கள் ஏறத்தாழ 500 என்பர். அவற்றுள் பெரும்பான்மையானவற்றின் இந்த நீர்ப்பருவத்தை எவரும் இன்னும் வருணிக்கவில்லை. ஆகிருதியில் பாதியை அறியாமலே நாம் ஜாதியைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பாதியை அறிய வலையும் அசிட்டோனும் தேவையில்லை. ஏரி நீரோடு முகந்த இளம் புழுவை ஒரு தொட்டியில் வைத்து, இரை கொடுத்து, ஏறி அமர ஒரு குச்சியை நட்டுவைத்தால், அது தன் நாள் வந்தபோது குச்சியில் ஏறி முதுகு பிளந்து வெளிவந்து, இறகு உலர்ந்ததும் போய்விடும். குச்சியில் விட்டுச் சென்ற தோற்சட்டையில் உதட்டின் பற்களும் முதுகின் முட்களும் அப்படியே பதிந்திருக்கும். அதிலிருந்து மரபணுவும் எடுக்கக் கூடும். வெளிவந்த தட்டான் இன்ன இனம் என்று பார்த்து எழுதி, அச்சட்டையை உறையிலிட்டால், சாட்சியும் கிடைத்தது, உயிரும் பிழைத்தது. செந்துறைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியரும் மாணவரும் ஒரு மழைக்காலத்திலேயே இதைச் செய்துவிடலாம்.